கொம்பனியின் மூன்றெழுத்து

பெயரின் முதலெழுத்துக்கள் இரண்டையோ மூன்றையோ ஒன்றோடொன்று பிணைத்து ஒரே உருவமாக்கிக்கொள்ளும் வழக்கத்தை ஆங்கிலத்தில் 'மொனோகிராம்' என்பர். கிரேக்கச் சொற்கள் இரண்டிலிருந்து பிறந்த அப்பெயருக்கு 'ஓரெழுத்து' என்பது பொருள். தமிழில் இதற்கென நிலைபெற்ற சொல் இன்மையால், 'பின்னலெழுத்து' என்று இக்கட்டுரையில் வழங்குவோம். வெள்ளவத்தையிலே காலி வீதியின் நகைக்கடைகளில் மோதிர முகப்பில் மணமக்களின் முதலெழுத்துக்களைப் பின்னித் தருகிறார்கள். திருமண அழைப்பிதழின் நெற்றியிலும், கைக்குட்டையின் மூலையிலும், மதிற்கதவின் இரும்புக் கம்பியிலும் அவ்வெழுத்துக்கள் வளைந்து நெளிந்து கிடப்பதைக் காண்கிறோம். எதற்காக என்று கேட்டால், அழகுக்காக என்பார்கள். வகுப்பறையில் மேசைப் பலகையைப் பேனாக்கத்தியாற் குடைந்து தன் எழுத்தை வெட்டும் மாணவனைக் கேட்டால் வேறு விடை வரும். 'இது என்ரை மேசை, சேர்' என்பான். அழகைப்பற்றி அவன் ஒன்றும் சொல்வதில்லை. அவனுடைய விடையே வரலாற்றுக்கு நெருங்கியதாக நமக்குத் தோன்றுகிறது. கொழும்பு நகரத்தையும் அதன் பழம்பொருள்களையும் சிறிது கூர்ந்து நோக்கினால் இது விளங்கும்.

மேனாட்டிலே இவ்வழக்கின் பழைமையைக் கூறுவோர் சார்லமேன் என்னும் பேரரசனை எடுத்துக்காட்டுவர். கி.பி. 800இல் உரோமாபுரியிலே முடிசூட்டப்பெற்று, மேலை ஐரோப்பாவின் பெரும்பகுதியை ஆண்டவன் அவன். முதுமையில் எழுதப் பழகியும் அது அவனுக்குக் கைவரவில்லை என்று அவன் வரலாற்றை எழுதிவைத்த ஐன்ஹார்ட் கூறுகிறான். அரசாங்கப் பட்டயங்களில் அவன் பெயரெழுத்துக்களைச் சிலுவை வடிவில் எழுத்தர்கள் அமைத்து வைப்பார்கள். நடுவே ஒரு சிறு கோட்டை மட்டும் அரசன் இழுத்துவிடுவான். அக்கோடு விழுந்தவுடன் நிலங்கள் கைமாறின; மடங்கள் மானியம் பெற்றன. எழுதத் தெரியாதவனின் எழுத்துக்கு அவ்வளவு வலிமை இருந்தது. திருச்சபையும் தனக்கென இத்தகைய எழுத்தை உடையது. கத்தோலிக்க ஆலயங்களின் பீடத் துகிலிலும் திருப்பாத்திரத்திலும் 'ஐ.எச்.எஸ்.' என்று ஆங்கிலம் போலத் தோன்றும் மூன்றெழுத்துக்களைக் கொட்டாஞ்சேனை வாசிகள் நாடோறும் காண்பர். அவை இயேசு என்னும் பெயரின் முதல் மூன்று கிரேக்க எழுத்துக்கள். நடுவில் நிற்பது 'எச்' அன்று, 'ஏ' என ஒலிக்கும் கிரேக்க ஈற்றா. அதனைப் பூவேலையாகத் தைக்கும் பெண்களுள் எத்தனை பேருக்கு இச்செய்தி சொல்லப்பட்டிருக்கும் என்பது வேறு கேள்வி.

நம்மவரிடையே இவ்வழக்கம் இல்லாமலில்லை. யாழ்ப்பாணத்தை ஆண்ட ஆரியச் சக்கரவர்த்திகள் தம் நாணயங்களிலே நந்தியின் உருவைப் பொறித்து, அதன் கீழ் 'சேது' என்னும் சொல்லைத் தமிழெழுத்தில் இட்டார்கள். கோட்டகமத்திலே கிடைத்த தமிழ்க் கல்வெட்டும் அச்சொல்லையே மங்கலமாகக் கொண்டு தொடங்குகிறது. 1619இல் போர்த்துக்கேயர் அவ்வரசை விழுங்கியபோது அந்த இரண்டெழுத்தும் நாணயத்திலிருந்து மறைந்தன. கண்டி மன்னர்களோ செப்பேடுகளின் தலைப்பில் 'ஸ்ரீ' என்னும் ஒரெழுத்தையே அரச ஒப்பமாக இட்டு வந்தனர். இதனை வாசகர் நினைவில் வைத்திருக்க வேண்டுகிறோம்; பின்னர் அதனிடம் மீளவேண்டியிருக்கிறது.

அரசர்களை விட்டுவிட்டுப் பார்த்தால், தமிழிலே எழுத்தைப் பின்னிச் சுருக்கியவன் கணக்கப்பிள்ளையே. நாளுக்கு ௳, மாதத்துக்கு ௴, வருடத்துக்கு ௵, பற்றுக்கு ௶, வரவுக்கு ௷, மேற்படிக்கு ௸ என்று அவன் எழுதிய குறிகளெல்லாம் சொற்கள் குறுகி ஒன்றாய்ச் சுருண்ட உருவங்கள். ஓலையிலே இடம் குறைவு, எழுத்தாணிக்கு வேலை மிகுதி, ஆகவே சுருக்கினான். அவற்றில் ஆடம்பரம் எதுவும் இல்லை. அழகு மட்டும் எப்படியோ வந்து சேர்ந்துவிட்டது. மேனாட்டுச் சித்திர எழுத்துக்களைக் கண்டு வியக்கும் நம்முடைய ஓவிய மாணவர்கள் பழைய கணக்கேடு ஒன்றைப் புரட்டிப் பார்ப்பது நன்று.

இனி நம் கட்டுரைப் பொருளுக்கு வருவோம். இலங்கைக் கரையிலே மிகப் பரவலாகவும் மிக ஆழமாகவும் பதிந்த பின்னலெழுத்து ஓர் அரசனுடையதன்று. ஒரு வியாபாரக் கொம்பனியினுடையது. 1602ஆம் ஆண்டு மார்ச்சு 20ஆம் நாள் ஒல்லாந்து தேசத்திலே பல வணிகக் கூட்டங்கள் ஒன்றாய் இணைந்து 'ஐக்கிய கீழிந்தியக் கொம்பனி' என்ற பெயரில் அரசாங்கப் பட்டயம் பெற்றன. ஏறக்குறைய 64 இலட்சம் கில்டர் மூலதனம் திரட்டப்பட்டது. பெருவணிகரோடு வீட்டு வேலைக்காரிகள் சிலருங்கூடப் பங்கு வாங்கினர். ஒப்பந்தம் செய்யவும், கோட்டை கட்டவும், படை வைத்திருக்கவும், போர் தொடுக்கவும் அக்கொம்பனிக்கு உரிமை அளிக்கப்பட்டது. இலாபத்துக்காகப் போர் செய்யும் உரிமையைப் பங்குதாரர் சிலரிடம் ஓர் அரசு எழுதிக்கொடுத்தது என்பதை இன்று வாசிக்கும்போது வியப்பாக இருக்கிறது. நம் காலத்துப் பெருங் கொம்பனிகளை நினைத்துப் பார்ப்போர்க்கு வியப்புச் சற்றுக் குறையலாம்.

ஒல்லாந்த மொழியில் அக்கொம்பனியின் பெயருக்குரிய முதலெழுத்துக்கள் மூன்று: வீ, ஓ, சீ. அவற்றைப் பின்னிய முறை எளிதானது. வீ என்னும் எழுத்து அகன்று விரிந்து நிற்கும். அதன் இடக்கரத்தில் ஓ கோத்திருக்கும், வலக்கரத்தில் சீ கோத்திருக்கும். சிறு பிள்ளையும் ஒரு முறை பார்த்தால் மறக்காது. இரும்பிலும் கல்லிலும் செம்பிலும் மரத்திலும் எளிதில் வெட்டலாம். கொம்பனியின் நிருவாகம் அம்ஸ்டர்டாம், சீலாந்து, டெல்ப்ற், றொட்டர்டாம், ஹோர்ன், எங்குசன் என்னும் ஆறு மன்றங்களாகப் பிரிந்திருந்தது. எந்த மன்றத்தின் பொருள் என்று காட்டுவதற்கு, அதன் முதலெழுத்தைப் பின்னலின் தலைக்குமேல் இடுவதும் உண்டு. பீரங்கியின் முதுகிலே இவ்வெழுத்தை வார்த்தார்கள். பண்டப் பொதிகளிலே இட்டார்கள். ஜப்பானின் அரித்தா என்னும் ஊரில் நீலமும் வெண்மையுமாகப் பீங்கான் தட்டுக்கள் செய்வித்து, உணவு வைக்கும் நடுவிடத்திலே அதனையே தீட்டச் செய்தார்கள். கொம்பனி அதிகாரி ஒருவர் உண்டு முடித்தபின் தட்டின் அடியிலிருந்து எசமானனின் பெயர் அவரைப் பார்த்துக்கொண்டிருக்கும்.

1656 மே மாதத்திலே கொழும்பு போர்த்துக்கேயரிடமிருந்து கொம்பனியின் கைக்கு மாறியது. இரண்டாண்டிலே மன்னாரும் யாழ்ப்பாணமும் வீழ்ந்தன. அதே 1658இல் நாகபட்டினமும் கொம்பனியுடையதாயிற்று. கோட்டைகள் இடித்துக் கட்டப்பட்டன. காலிக் கோட்டை வாயிலின் உட்புறத்திலே இரு சிங்கங்கள் தாங்கிய கேடயத்தில் மூன்றெழுத்தும், மேலே காலியின் சின்னமாகிய சேவலும், 1669 என்ற ஆண்டும் இன்றும் இருக்கின்றன. மட்டக்களப்புக் கோட்டை வாயிலிலும் அதே எழுத்தை 1682 என்ற ஆண்டோடு காணலாம். காலி வாயிலின் வெளிப்புறத்தைப் பார்ப்போர் அங்கே பிரித்தானிய முடியின் சின்னத்தைக் காண்பர். பின்னர் வந்தவர்கள் முன்னவரின் எழுத்தைச் சுரண்டி எடுக்கவில்லை. அதை உள்ளே விட்டுவிட்டு, வருவோர் காணும் பக்கத்திலே தமதை வைத்துக்கொண்டனர். ஆட்சி மாற்றம் என்பதன் இலக்கணத்தை இதைவிடச் சுருக்கமாக எழுதிவைக்க முடியாது.

கோட்டை வாயிலை எல்லா மக்களும் காணமாட்டார்கள். எல்லார் மடியிலும் புகக்கூடியது நாணயம். கொம்பனியின் சிறு செப்புக்காசுக்கு ஒல்லாந்த மொழியிலே 'டொய்ட்' என்று பெயர். 1726 முதலாக ஒரு புறத்தில் மாகாணச் சின்னமும் மறு புறத்தில் மூன்றெழுத்தும் ஆண்டும் பொறித்து அக்காசு பெருந்தொகையாக அடிக்கப்பட்டுக் கீழைநாடுகளுக்கு ஏற்றுமதியாயிற்று. தமிழிலே பணத்துக்கு வழங்கும் 'துட்டு' என்னும் சொல் அதிலிருந்து பிறந்தது என்று அகராதியார் கொள்வர். 'துட்டு இல்லை' என்று சொல்லும் தமிழன் ஒவ்வொருவனும் தன்னையறியாமல் கொம்பனியை நினைவுகூருகிறான். கந்தோர் என்ற சொல்லும் ஒல்லாந்தர் விட்டுச்சென்றதே. கந்தோரும் துட்டும் ஒரே வழியால் வந்தவை என்பதைச் சம்பள நாளிலே நினைத்துப் பார்க்கலாம்.

பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் ஆங்கிலேயரோடு மூண்ட போரினால் கப்பல்கள் வருவது அருகிப் பணத்தட்டுப்பாடு ஏற்பட்டபோது, இலங்கையிலேயே காசு அடித்தார்கள். தடித்த, கரடுமுரடான செப்புத் துண்டுகள் அவை. பின்னலெழுத்தின் தலைமேல் கொழும்புக்குச் சீ, காலிக்கு ஜீ, திருகோணமலைக்கு ரீ, யாழ்ப்பாணத்துக்கு ஐ என்று அடையாளமிட்டனர். 1785இல் செப்புக் கம்பியை விரலளவாகத் துண்டித்து, ஒரு முனையில் மூன்றெழுத்தையும் மறுமுனையில் நாலேமுக்கால் ஸ்டைவர் என்ற பெறுமதியையும் அடித்துப் பணமென்று வெளியிட்டார்கள். இவற்றைக் காசு என்பதிலும் பார்க்க, உலோகத் துண்டு என்பதே பொருந்தும். துண்டைப் பணமாக்கியது அதன்மேல் விழுந்த எழுத்தே. அவ்வெழுத்துக்கு உரியவன் கடனில் மூழ்கிக்கொண்டிருந்தான் என்பதையும் உடன்சேர்த்துப் பார்க்கவேண்டும். 1796 பெப்ரவரியிலே கொழும்பு ஆங்கிலேயரிடம் சரணடைந்தது. 1799 முடிவோடு கொம்பனியின் பட்டயமும் முடிந்தது. 'ஊழலால் அழிந்தது' என்று பொருள்படும் ஒல்லாந்தச் சொற்களை அதே மூன்றெழுத்துக்கு விரிவாக்கி, அந்நாட்டு மக்களே எள்ளி நகையாடினர்.

இத்துணை இடங்களிலே எழுத்துப் பதித்தவர்கள் எவருடைய உழைப்பின்மேல் பதித்தார்கள்? கொம்பனியின் செல்வம் கறுவாவிலே இருந்தது. சாலாகம மக்கள் காடுகாடாக அலைந்து கறுவாப் பட்டை உரித்துக் குறித்த அளவு கொடுத்தாகவேண்டும். கள்ளமாகக் கறுவா வெட்டினாலும் விற்றாலும் மரணதண்டனை விதிக்கச் சட்டம் இருந்தது. பால்க் தேசாதிபதியின் காலத்திலே, 1769இல், மருதானையிலே கறுவா பயிரிடும் முயற்சி தொடங்கியது. அந்நிலப்பரப்பையே கறுவாத்தோட்டம் என்று இன்றும் தமிழர் சொல்கின்றனர். ஆங்கு மாளிகை கட்டி வாழ்வோரின் மதிற்கதவுகளில் முதலெழுத்துக்கள் பொன்னிறத்தில் மின்னுகின்றன. உரித்தவர்களின் பெயர் தோம்புகளிலே, இறுக்கவேண்டிய கடமையோடு சேர்த்து, எழுதப்பட்டுக் கிடக்கிறது.

கோட்டைக்கு அப்பால், வாவியின் மறுகரையிலே, கொம்பனியின் அடிமைகளை இரவில் அடைத்துவைத்த இடம் இருந்தது. ஆங்கிலத்திலே அதற்கு 'அடிமைத் தீவு' என்றே நெடுங்காலம் பெயர் வழங்கிவந்தது. தமிழர் அவ்விடத்தைக் கொம்பனித்தெரு என்கிறார்கள். சிங்களப் பெயரும் அப்பொருளதே. ஒரே இடத்தைச் சுட்டும் இப்பெயர்களை அருகருகே வைத்துப் பார்க்கவேண்டும். ஒரு மொழி அடைபட்டவனை நினைத்தது. மற்ற மொழிகள் அடைத்தவனைச் சொல்லுகின்றன. எவர் அவ்வடிமைகள்? கீழைக் கடல்களின் பல கரைகளிலிருந்தும் கொணரப்பட்டவர்கள். 1659 தொடங்கி இரண்டு மூன்று ஆண்டுகள் தஞ்சைச் சீமையிலே போரும் பஞ்சமும் சூழ்ந்தபோது, பட்டினியால் தம்மையும் பிள்ளைகளையும் விற்றுக்கொண்ட தமிழ் மக்களைக் கொம்பனி ஆயிரக்கணக்கில் வாங்கிக் கப்பலேற்றியது. அவர்களுள் ஒரு பகுதியினர் இலங்கைக்கு வந்தனர். நாகபட்டினத்திலே ஏற்றிய துணிப் பொதியும் மனிதப் பொதியும் ஒரே கணக்குப் புத்தகத்தில் ஏறின. இலங்கையிலே அடிமைமுறை சட்டத்தால் முற்றாக ஒழிந்தது 1844இலேதான்.

கொட்டாஞ்சேனைப் பக்கத்து மேட்டிலே நிற்கும் வுல்வெண்டால் தேவாலயத்தை இந்நோக்கோடு காண்பது பயனுடைத்து. 1749இல் அடிக்கல் இடப்பட்டு, 1757 மார்ச்சு 6ஆம் நாள் வழிபாட்டுக்குத் திறக்கப்பட்டது. கபுக்கல்லும் சுண்ணாம்பும் கொண்டு எழுப்பிய அதன் சுவர்கள் ஏறக்குறைய ஐந்தடிப் பருமனுடையவை. உள்ளே தரையெங்கும் கல்லறைப் பலகைகள். அவற்றுட் பல கோட்டைக்குள் இருந்த பழைய தேவாலயத்திலிருந்து, 1813ஆம் ஆண்டு, இறந்தோரின் எச்சங்களோடு ஊர்வலமாகக் கொணர்ந்து பதிக்கப்பட்டவை. குடும்பச் சின்னங்களும் தலைக்கவசங்களும் இறகுகளும் பூங்கொடிகளும் சூழ, பெயர்களும் பதவிகளும் திறமையான கைகளால் ஆழ வெட்டப்பட்டுள்ளன. செதுக்கிய கைகளுக்கு உரியவர் பெயரைத் தேடினால் கிடைக்காது. அக்கலைஞர்கள் தம் வேலையிலே மட்டும் இருக்கிறார்கள். மேனாட்டிலே ஓவியன் டியூரர் தன் முதலெழுத்துக்கள் இரண்டையும் ஒன்றன் கீழொன்றாகப் பின்னித் தன் படைப்பிலே இட்டான். உழைத்தவனே தன் உழைப்பில் எழுத்திடுவது என்பது அங்கும் அருமையாக நிகழ்ந்தது. இங்கே அதுவும் நிகழவில்லை.

எழுத்தறிவு மறுக்கப்பட்டவர்கள் அடையாளமின்றியே வாழ்ந்தார்கள் என்று கருதிவிடலாகாது. சேங்கொட்டைச் சாற்றினால் துணியின் ஓரத்திலே புள்ளியும் கோடும் இட்டு, ஊரிலுள்ள வீடுகள் அனைத்தின் உடுப்பையும் பிரித்தறிந்த சலவைத் தொழிலாளியின் குறிகளை எண்ணிப் பார்க்கவேண்டும். எத்தனை முறை வெளுத்தாலும் அம்மை போகாது. கறுவாத்தோட்டத்துத் துரையின் சட்டைக் கையிலே பட்டு நூலால் தைத்த பின்னலெழுத்து ஒரு புறம். கழுத்துப் பட்டியின் உள்ளே, துரை அறியாத இரு புள்ளியும் ஒரு குறுக்குக் கோடும் மறு புறம். சட்டை தொலைந்தால் அதைக் கண்டுபிடிக்க உதவியது இரண்டாவதே. பொலிசாரும் குற்றவாளிகளைத் தேடும்போது வண்ணான் குறியைத் துணைக்கொண்டனர். இதுவும் ஒரு நெடுங்கணக்கு. இதனை எவரும் நூலாகத் தொகுத்ததில்லை. தொகுக்கவேண்டிய காலமும் கடந்துகொண்டிருக்கிறது.

வீட்டுப் பெண்களின் எழுத்து பித்தளையிலே இருந்தது. சீதனமாகக் கொடுக்கும் குடத்திலும் தாம்பாளத்திலும் உளிமுனையால் புள்ளி புள்ளியாகப் பெயர் வெட்டுவித்து அனுப்புவது நம் வழக்கம். தேசவழமைப்படி சீதனம் மனைவியின் உடைமை. ஆகையால், வாசிக்கத் தெரியாத பெண்ணொருத்தியின் பெயர் எழுத்திலே நின்ற ஒரே இடம் அவள் தண்ணீர் சுமந்த குடமாக இருத்தலும் கூடும். வன்னியிலும் மட்டக்களப்பிலும் மாட்டுக்குக் குறிசுடுவோர் உடைமைக்காரரின் முதலெழுத்தை இரும்பிலே செய்து காய்ச்சி மாட்டின் தோலிலே பதிப்பர். மேலே கூறிய மாணவனின் விடை இங்கே மிகத் தெளிவாகக் கேட்கிறது.

மனிதர்மேலும் அது கேட்டது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலே தமிழகத்திலிருந்து தேயிலைத் தோட்டங்களுக்குக் கூலிகளாகச் சேர்க்கப்பட்டவர்களுக்குத் தகர வில்லை ஒன்று கொடுக்கப்பட்டது. 'டின் டிக்கெட்' என்று அதற்குப் பெயர். தோட்டத்தைக் குறிக்கும் எழுத்தும் எண்ணும், ஆளின் எண்ணும் அதிற் பொறித்திருக்கும். கயிற்றிற் கோத்துக் கழுத்திலே அணிந்துகொண்டால், வழியிலே ஒருவரோடும் பேசாமல், எழுதப் படிக்கத் தெரியாமல், குறித்த தோட்டத்திலே வந்து சேர்ந்துவிடலாம். செலவு தோட்டத்தின் கணக்கில் விழும், பிறகு தொழிலாளியின் கடனில் ஏறும். நிருவாகத்தின் சாமர்த்தியமான ஏற்பாடு என்று துரைமார் இதனைப் பாராட்டியிருக்கிறார்கள். பொதியின்மேல் இட்ட கொம்பனி எழுத்துக்கும், தொழிலாளியின் மார்பிலே தொங்கிய தகர எழுத்துக்கும் இடையிலே இருநூறு ஆண்டுக் கால இடைவெளி உண்டு. வேறு வேறுபாடு எதுவும் நமக்குத் தெரியவில்லை.

ஆங்கில ஆட்சியிலே பின்னலெழுத்து முடியரசின் உருவெடுத்தது. அரசனின் பெயரெழுத்தோடு அரசனையோ அரசியையோ குறிக்கும் 'ஆர்' என்ற எழுத்தைச் சேர்த்துத் தபாற்பெட்டிகளிலே வார்த்தார்கள். ஜோர்ஜ் மன்னர்களின் எழுத்துத் தாங்கிய சிவப்புப் பெட்டிகள் இலங்கையில் முற்றாக மறைந்துவிடவில்லை. இத்தகைய எழுத்தை மக்கள் எப்பொழுதும் வாய்மூடி ஏற்றுக்கொண்டார்கள் என்பதற்கில்லை. இரண்டாம் எலிசபெத் என்ற எண்ணோடு கூடிய புதிய எழுத்தை எடின்பரோ நகரிலே ஒரு தபாற்பெட்டியில் இட்டபோது, முதலாம் எலிசபெத் ஸ்கொத்லாந்தை ஆண்டதேயில்லை என்று மக்கள் கொதித்தனர். 1953 பெப்ரவரியிலே அப்பெட்டி வெடிவைத்துத் தகர்க்கப்பட்டது. பின்னர் அந்நாட்டில் முடிச்சின்னம் மட்டும் பொறித்த பெட்டிகளையே வைக்கவேண்டியதாயிற்று. ஒரு சிறு இரும்பெழுத்தின் பொருட்டு இவ்வளவா என்று கேட்போர், நம் நாட்டிலே அடுத்த ஐந்தாண்டில் நடந்ததை எண்ணிப் பார்ப்பாராக.

அதற்கு முன் ஆங்கில ஆட்சியிலே தலையெடுத்த நம் மத்தியதர வகுப்பாரைப்பற்றி ஒரு சொல். கொழும்பிலே உத்தியோகம் பார்த்து வெள்ளவத்தையிலே வீடு கட்டிய தமிழ்க் குடும்பங்கள் வெள்ளிக் கரண்டியிலும் கண்ணாடிக் கதவிலும் ஆங்கில எழுத்துக்களையே பின்னுவித்தன. தந்தை பெயரும் தன் பெயரும் தமிழாயிருக்க, தமிழிலே ஒப்பமிடும்போதும் 'எஸ்.' என்றும் 'கே.' என்றும் எழுதும் விநோதம் அப்பொழுதே வேரூன்றிவிட்டது. நம் மாணவர்களுட் பலருக்குத் தம் பெயரின் முதலெழுத்து 'ச' என்று சொன்னால் விளங்குவதில்லை. 'எஸ்' என்றால் விளங்குகிறது. இதற்கு மாறாகச் செட்டியார் தெருவிலே ஒரு வழக்கம் இருந்தது. நாட்டுக்கோட்டைச் செட்டிமாரின் வட்டிக்கடைகளுக்கு விலாசம் உண்டு. பாட்டன், தந்தை, மகன் பெயர்களின் முதலெழுத்துக்களைத் தொடுத்து, 'ஆனா மூனா' என்றும் 'பானா ழானா' என்றும் ஒலிப்பது போலத் தமிழ் வாயாலேயே அதைச் சொல்லினர். அவ்வெழுத்துக் கோவைக்கு உண்டியல் செல்லும். கடல் கடந்து பணம் கிடைக்கும். வட்டிக்கடையை நாம் புகழவரவில்லை. அதில் நசுங்கியவர்கள் பலர். எழுத்து மட்டும் சொந்த எழுத்தாயிருந்தது.

இனி, கண்டி மன்னர் செப்பேட்டில் இட்ட 'ஸ்ரீ'க்கு மீள்வோம். 1956இல் சிங்களம் ஒன்றே அரசகரும மொழி என்ற சட்டம் நிறைவேறியது. 1957 தொடக்கத்திலே மோட்டார் வாகனங்களின் இலக்கத் தகட்டில் ஆங்கில எழுத்துக்களை நீக்கிச் சிங்களத்திலே 'ஸ்ரீ' எழுத்தை இடவேண்டுமென்று அரசாங்கம் ஆணையிட்டது. மன்னனின் ஒப்பம் ஒவ்வொருவனுடைய வண்டியிலும் ஏறியது. அவ்வாண்டு யூலை 26இல் பிரதமர் பண்டாரநாயக்காவும் தமிழரசுக் கட்சித் தலைவர் செல்வநாயகமும் ஓர் ஒப்பந்தத்திலே கைச்சாத்திட்டனர். 1958 சனவரியிலே பஸ் போக்குவரத்து அரசுடைமையாகி, சிங்கள ஸ்ரீ பொறித்த பஸ் வண்டிகள் மார்ச்சு மாதத்திலே வடக்குக்கு அனுப்பப்பட்டபோது, தார் பூசி அவ்வெழுத்தை அழித்து, அவ்விடத்திலே தமிழ் 'ஸ்ரீ'யை எழுதும் கிளர்ச்சி தொடங்கியது. எதிரொலியாகக் கொழும்பிலே கூட்டங் கூட்டமாய்ச் சென்றோர் கடைகளின் பெயர்ப்பலகைகளிலிருந்த தமிழெழுத்துக்கள்மேல் தார் பூசினர். ஏப்ரல் 9இல் ஒப்பந்தம் கிழித்தெறியப்பட்டது. மே மாதத்திலே நாடு முழுவதும் தீயும் கொலையும் தாண்டவமாடின. 27ஆம் நாள் அவசரகாலநிலை பிரகடனமாயிற்று. வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் வாழ்ந்த தமிழர் அகதிகளாகி, அவர்களுள் ஆயிரக்கணக்கானோர் கப்பலேறிக் காங்கேசன்துறையில் இறங்கினர்.

மொழியுரிமைக்கான போராட்டத்தின் நியாயத்தை இங்கே நாம் ஐயுறவில்லை. ஆட்சியிலிருப்பவர் தம் எழுத்தை மற்றவனின் உடைமைமேல் பதிக்கும்போது அவன் பொறுத்துக்கொள்ளவேண்டும் என்று சொல்வதற்கு எவருக்கும் உரிமையில்லை. ஆயினும் எழுத்தை ஆராய வந்தோர் ஒன்றைச் சொல்லாமல் விடலாகாது. ஒரு பக்கத்தார் இட்டதும் மறுபக்கத்தார் அழித்து எழுதியதும் ஒரே ஒலி. வடமொழியிலிருந்து இரு மொழிகளுக்கும் வந்த ஒரே மங்கலச் சொல். தமிழர் எழுதிய வடிவங்கூடத் தமிழ் நெடுங்கணக்கில் இல்லாத கிரந்த எழுத்து. ஸகரமும் ரகரமும் ஈகாரமும் தம்முட் பிணைந்து ஒன்றாகிய உருவம். சிங்கள வடிவமும் அவ்வாறே பிணைந்தது. இலக்கணப்படி இரண்டும் பின்னலெழுத்துக்களே. தோட்டத்திலே கொழுந்து பறித்தவளுக்கும், துறைமுகத்திலே மூட்டை சுமந்த சிங்களத் தொழிலாளிக்கும், இலக்கத் தகடு பொருத்துவதற்கு வண்டி ஒன்றும் இருக்கவில்லை. 1958 மே மாதத்திலே வெட்டுண்டவர்களுள் அப்படிப்பட்டவர்களும் இருந்தார்கள்.

சிங்கள ஸ்ரீ பின்னர் பல்லாண்டுகள் தகடுகளில் இருந்தது. 1972இல் இலங்கை குடியரசாகி, முடியரசின் எழுத்துச் சட்டப்படி மறைந்தது. 1983 யூலையிலே வெள்ளவத்தைப் பெயர்ப்பலகைகள் தாரோடு தப்பவில்லை, கடைகளோடு எரிந்தன. மீண்டும் கட்டப்பட்ட கடைகளிலே இன்று மும்மொழிப் பலகைகள் தொங்குகின்றன. நகைக்கடைகளிலே மோதிரத்திற்கு எழுத்துப் பின்னும் வேலை குறைவின்றி நடக்கிறது, பெரும்பாலும் ஆங்கிலத்தில். இந்நூற்றாண்டின் தொடக்கம் முதல் வழங்கப்படும் வாகன இலக்கத் தகடுகளிலே சிங்கள ஸ்ரீயும் இல்லை, தமிழ் ஸ்ரீயும் இல்லை. ஆங்கில எழுத்துக்களே இருக்கின்றன.